சங்கிலியின் முறையீடு

கன்று கத்தும் ஓசையைக் கேட்ட அளவிலேயே, அது பசியால் கத்துகின்றதா, தாயைக் காணாமல் கத்துகின்றதா என்பதை மாடு வளர்ப்போர் அறிவர். சுட்ட பானையை விரல் நுனியால் தட்டிப் பார்த்து, அதில் விரிசல் உண்டா இல்லையா என்று குயவர் கூறுவர். கண்ணுக்குப் புலப்படாத குறை ஒன்று காதுக்குப் புலப்படுவது உலகில் புதுமையன்று. எந்திரங்களுக்கும் இது பொருந்தும். ஓடும் எந்திரம் ஓயாது பேசிக்கொண்டே இருக்கின்றது. நலமாக இருக்கும்பொழுது அதன் பேச்சு ஒரே சீராக ஒலிக்கும். உள்ளே ஏதேனும் தேய்ந்தாலோ தளர்ந்தாலோ அப்பேச்சில் ஒரு புதிய குரல் வந்து கலக்கும். அக்குரலைக் கேட்டு, அதன் காரணத்தைத் தேடுவதே தொழிலறிந்தவர் செயல்.

பழைய மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி கேட்கும் அத்தகைய குரல்களுள் ஒன்று, எஞ்சினுக்குள் ஓடும் சிறிய சங்கிலி ஒன்றின் குரலாகும். பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியை அனைவரும் கண்டிருப்பர். இச்சங்கிலியோ வெளியே தெரியாது. எஞ்சினின் ஒரு பக்கத்தில், எண்ணெயில் நனைந்தவாறு, இருளிலே ஓடிக்கொண்டிருக்கும். பட்டறைத் தொழிலாளர் இதனை ‘டைமிங் செயின்’ என்று வழங்குவர். இதன் பணி யாது என்பதை அறிந்தாலன்றி, இதன் முறையீட்டின் பொருள் விளங்காது.

நான்கு வீச்சு எஞ்சின் என்பது 1876 ஆம் ஆண்டில் செருமானியரான நிக்கோலாஸ் ஆட்டோ என்பவரால் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் நான்கு முறை வீசி நடந்தால், அதன் ஒரு வேலை முடிகின்றது. முதல் வீச்சில் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே புகுகின்றது. இரண்டாம் வீச்சில் அது நெருக்கப்படுகின்றது. மூன்றாம் வீச்சில் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகின்றது. காற்று புகுவதற்கு ஒரு வாயிலும், புகை வெளியேறுவதற்கு மற்றொரு வாயிலும் உண்டு. இவ்வாயில்களின் கதவுகளே வால்வுகள். கதவு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் சிறிது பிறழ்ந்தாலும் எஞ்சினின் ஆற்றல் குறையும். பெரிதும் பிறழ்ந்தால் எஞ்சினே அழியும்.

வால்வுகளைத் திறப்பது ‘கேம்’ எனப்படும் தண்டு. அத்தண்டின்மேல் முட்டை வடிவான புடைப்புகள் உண்டு. தண்டு சுழலும்பொழுது அப்புடைப்புகள் வால்வுகளை முறைப்படி அழுத்தித் திறக்கும். அழுத்தம் நீங்கியதும் சுருள்வில் அவற்றை மூடும். கேம் தண்டு சிலிண்டரின் தலைப்பகுதியில் உள்ளது. பிஸ்டனோடு இணைந்த கிராங்கு தண்டு அடிப்பகுதியில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து, கிராங்கு இருமுறை சுழலக் கேம் ஒருமுறை சுழலுமாறு காப்பது அச்சிறு சங்கிலியே. இதன் பொருட்டே மேலுள்ள பற்சக்கரத்திற்குக் கீழுள்ளதைப்போல் இரு மடங்கு பற்கள் அமைந்துள்ளன. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழல்கின்றது என்று கொள்வோம். அப்பொழுது கிராங்கு ஒரு நொடியில் 100 முறை சுழலும். ஒவ்வொரு வால்வும் அதே நொடியில் 50 முறை திறந்து மூடும். இத்துணை விரைவில் ஒருமுறையேனும் காலம் தவறாமல் காப்பது எளிய பணியன்று.

இத்தகைய சங்கிலிகளின் வரலாறு நெடியது. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர், ஊசியும் அதனைச் சூழ்ந்த உறையும் உருளையும் கொண்ட சங்கிலியை 1880 ஆம் ஆண்டில் உருவாக்கினார். பல்லும் கண்ணியும் தேயாது நெடுநாள் உழைக்கும் சங்கிலிக்கு அதுவே வழி வகுத்தது. சைக்கிள் முதல் ஆலை எந்திரங்கள் வரை பலவும் அவ்வழியில் வந்த சங்கிலிகளால் இயங்கின.

நம் நாட்டின் சிற்றூர்ப் பட்டறைகளுக்கு இச்சங்கிலியின் ஓசை பரவலாக அறிமுகமானது சற்றுப் பிற்காலத்திலேதான். முன்னாளில் இங்கு மிகுதியாக ஓடிய ராஜ்தூத், எஸ்டி முதலிய வண்டிகள் இரு வீச்சு எஞ்சின் உடையவை. அவற்றில் இத்தகைய வால்வுகளும் இல்லை. ஆதலின் டைமிங் செயினும் இல்லை. புல்லட் வண்டி நான்கு வீச்சு உடையதேனும், அதன் கேம்கள் கீழே பற்சக்கரங்களால் சுழன்று, நீண்ட தண்டுகளால் மேலுள்ள வால்வுகளைத் தள்ளின. 1984 ஆம் ஆண்டில் இந்தியாவின் ஹீரோ நிறுவனமும் சப்பானின் ஹோண்டா நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. அரியானா மாநிலத்துத் தாருஹேராவில் அமைந்த ஆலையிலிருந்து 1985 ஆம் ஆண்டில் சி.டி.100 என்னும் வண்டி வெளிவந்தது. சிலிண்டர் ஏறத்தாழப் படுக்கையாக அமைந்த அதன் எஞ்சின், ஹோண்டாவின் புகழ்பெற்ற ‘சூப்பர் கப்’ வண்டிகளின் எஞ்சினுக்கு உறவுடையது. 1958 இல் தொடங்கிய அச்சூப்பர் கப் வரிசையின் எண்ணிக்கை 2017 ஆம் ஆண்டில் 10 கோடியை எட்டியது. கூட்டு நிறுவனம் பின்னர்ப் பிரிந்தது. எனினும் அந்நாளைய சி.டி.100 வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. பழைய வண்டிகளை விரும்பித் தேடி வாங்குவோரும் உளர்.

அத்தகைய வண்டி ஒன்று சேலம் மாவட்டத்துச் சந்தையூர் ஒன்றில் பால் வணிகர் ஒருவரிடம் இருந்தது. 1986 ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் அதனை வாங்கினார். தந்தையார் காலத்திலும் அவர் காலத்திலும் நாள்தோறும் விடியற்காலையில் பால் கேன்களைச் சுமந்து, கூட்டுறவுச் சங்கத்திற்கும் வீடுகளுக்கும் அது சென்று வந்தது. அவருடைய மகள் செவிலியர் கல்லூரியில் சேர இடம் பெற்றபொழுது கட்டணத்திற்குப் பணம் வேண்டியதாயிற்று. அவ்வேளையில், பழைய வண்டிகளில் விருப்பமுடைய நகரத்து இளைஞன் ஒருவன், அதனை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள இசைந்தான். பால் சுமப்பதற்கு விலை குறைந்த மொபெட் ஒன்று போதும். எஞ்சிய தொகை கல்விக்கு ஆகும் என்று பால் வணிகர் கணக்கிட்டார். ஒரே ஒரு தடைதான் இருந்தது. சில மாதங்களாகவே எஞ்சினின் இடப்புறத்தில், தகரக் குவளையில் புளியங்கொட்டைகளை இட்டுக் குலுக்குவது போன்ற ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் வண்டியைத் தம் தந்தையார் காலந்தொட்டுப் பழுது பார்த்துவந்த முதிய மெக்கானிக்கிடம் கொண்டு சென்றார். “அண்ணா, வண்டி வாங்குபவர் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வருகின்றார். அதுவரைக்கும் இந்த ஓசை கேளாமல் இருந்தால் போதும். சுருள்வில்லுக்கு அடியில் ஒரு வாஷரை வைத்து, கெட்டியான எண்ணெயை ஊற்றினால் ஓசை அடங்கிவிடும் என்று வேறொரு பட்டறையில் சொன்னார்கள். அதற்கு ஆகும் செலவும் குறைவாம்” என்றார்.

முதியவர் உடனே மறுமொழி கூறவில்லை. வண்டியை ஓடவிட்டு, நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் முனையை எஞ்சின்மீதும் கைப்பிடியைத் தம் காதின் அருகிலும் வைத்துக் கேட்டார். எஞ்சினின் பல ஓசைகளையும் பிரித்தறிவதற்கு இது பட்டறைகளில் வழங்கும் எளிய முறையாகும். தலைப்பகுதியில் கேட்கும் மெல்லிய ‘டிக்டிக்’ ஓசை, வால்வுக்கும் அதை அழுத்தும் உறுப்பிற்கும் இடையே உள்ள இடைவெளி மிகுந்ததைக் காட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது கேட்டு, சூடேறியதும் குறையும் ஓசை, பிஸ்டன் சிலிண்டரில் தளர்ந்திருப்பதைக் காட்டக்கூடும். அடியில் கனத்து ஒலிக்கும் ‘தொம்தொம்’ ஓசை கிராங்கின் தேய்மானத்திற்கு அறிகுறி. இடப்புறத்தில், மெதுவான ஓட்டத்திலும், வேகத்தைச் சட்டெனக் குறைக்கும்பொழுதும் மிகுந்து கேட்கும் சலசலப்போ டைமிங் செயின் தளர்ந்ததன் குரல். முதியவர் முதலில் எண்ணெயின் அளவைப் பார்த்தார். பிறகு எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, இருக்க வேண்டிய அளவிலேயே இருந்தது. ஓசைக்குக் காரணம் சங்கிலியே என்பது உறுதியாயிற்று.

சங்கிலி எவ்வாறு தளர்கின்றது? இரும்பு இழுபட்டு நீள்வதால் அன்று. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும் உறையும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதாலேயே சங்கிலியின் நீளம் கூடுகின்றது. ஒரு மூட்டில் ஏற்படும் தேய்வு 0.02 மில்லிமீட்டர் என்று கொள்க. அது தலைமயிரின் பருமனிலும் குறைவு. ஆயினும் அத்தகைய மூட்டுகள் 80 இருக்குமானால் மொத்தத் தேய்வு 1.6 மில்லிமீட்டர் ஆகிவிடும். நீண்ட சங்கிலி எஞ்சினின் சுவரைத் தட்டுகின்றது. வால்வுகள் திறக்கும் நேரமும் சிறிது சிறிதாகப் பிந்துகின்றது. எண்ணெய் குறைந்தாலோ, நெடுநாள் மாற்றாமல் அழுக்கேறினாலோ இத்தேய்வு விரைவுபடும். இவ்வண்டியின் எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. அச்சிறிதளவு எண்ணெயே பற்சக்கரங்களுக்கும், கிளச்சுக்கும், சங்கிலிக்கும் பொதுவாக உழைக்கின்றது. ஆதலின் அதனைக் காலந்தோறும் மாற்றுதல் இன்றியமையாதது.

சங்கிலியின் தளர்வை ஈடுசெய்வதற்கென்றே ‘டென்ஷனர்’ என்னும் அமைப்பு உண்டு. எஞ்சினின் அடிப்பகுதியில் ஒரு குழியினுள் சுருள்வில்லும் சிறு தண்டும் இருக்கும். சுருள்வில் தண்டை மேலே தள்ளும். தண்டு ஒரு கையை நெம்பும். அக்கையின் முனையில் உள்ள இரப்பர் உருளை சங்கிலியை இதமாக அழுத்தும். தண்டைச் சூழ்ந்து நிற்கும் எண்ணெய், அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். இங்கு ‘இதமாக’ என்ற சொல் கருதத்தக்கது. அழுத்தம் குறைந்தால் சங்கிலி அலையும். மிகுந்தால் இரப்பர் உருளையும் பற்சக்கரமும் விரைந்து தேயும். சுருள்வில்லின் அடியில் வாஷர் வைப்பது பின்னதைச் செய்யும். ஓசை அடங்கும், தேய்மானமோ முன்னிலும் மிகும். ஓசையும் இல்லாமையால் அதனை எவரும் அறியார்.

முதியவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “தம்பி, வாங்குகின்ற பிள்ளை இதை எங்கே ஓட்டப்போகின்றான்?”

“நண்பர்களோடு ஏற்காட்டுக்குப் போக விருப்பம் என்று சொன்னார் அண்ணா.”

“ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கி வரும்பொழுது வேகத்தைக் குறைத்து, எஞ்சினின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும். இச்சங்கிலி அப்பொழுதுதான் மிகுதியாக அலையும். அது ஒரு பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். அறுந்து சிக்கினால் எஞ்சின் பூட்டிக்கொள்ளலாம். எஞ்சின் பூட்டிக்கொண்டால் பின்சக்கரமும் நின்றுவிடும். வளைவில் அவ்வாறு நின்றால் வண்டி வழுக்கும். உன் மகளுக்கு அந்தப் பிள்ளையின் வயதுதானே இருக்கும்?”

பால் வணிகர் தலை குனிந்தார். அவர் வஞ்சகர் அல்லர். பாலில் நீர் கலவாதவர் என்று அவ்வூரார் அவரைக் கூறுவர். பணத்தின் தேவையும் நாளின் நெருக்கமும் அவரை வேறு எதனையும் எண்ணவிடாமல் செய்திருந்தன. “முழுவதும் பிரித்து வேலை செய்தால் என்ன ஆகும் அண்ணா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“உறுப்புகளுக்கு உரிய விலையை இப்பொழுது கொடு. என் கூலியை வண்டி விற்ற பிறகு கொடுக்கலாம். ஆனால் இரண்டு நாள் ஆகும்” என்றார் முதியவர். அவ்விரண்டு நாளும் பால் வணிகர் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வழக்கத்தினும் ஒரு மணி முன்னதாகவே எழுந்து சென்றார்.

முதியவர் எண்ணெயை வடித்தார். டென்ஷனரைக் கழற்றிப் பார்த்தபொழுது, தண்டின் முனையிலிருந்த இரப்பர் கல்லைப்போல் இறுகிப் பிளந்திருந்தது. இடப்புற மூடியைத் திறந்து, மின்னாற்றல் தரும் மேக்னட்டை அதற்குரிய கருவியால் வெளியே இழுத்தார். சுத்தியால் அடித்து எடுத்தால் கிராங்குத் தண்டு கெடும் என்று அருகிலிருந்த சிறுவனுக்கு விளக்கினார். பின் சிலிண்டரின் தலைப்பகுதியைப் பிரித்தார். வழிகாட்டும் உருளையின் நடுவே சங்கிலி ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. பற்சக்கரத்தின் பற்கள் பருந்தின் அலகைப்போல் ஒரு புறம் வளைந்திருந்தன.

“சங்கிலியை மட்டும் மாற்றினால் போதாதா, ஐயா?” என்று சிறுவன் கேட்டான்.

“போதாது, தம்பி. தேய்ந்த பல்லின்மேல் புதுச் சங்கிலியைப் போட்டால், பல் தன்னைப்போலவே சங்கிலியையும் தேய்த்துவிடும். சேர்ந்து உழைப்பவற்றைச் சேர்த்தே மாற்ற வேண்டும்” என்றார் முதியவர்.

எஞ்சினின் எண்ணெய் வலையையும், சுழற்சியால் அழுக்கைப் பிரிக்கும் கிண்ணத்தையும் அவர் கழுவினார். கிண்ணத்தின் உட்புறத்தில் கரிய சேறு படிந்திருந்தது. பிறகு புதிய சங்கிலி, புதிய பற்சக்கரங்கள், புதிய உருளைகள் ஆகியவற்றைப் பொருத்தத் தொடங்கினார். பொருத்தும்பொழுது கவனிக்க வேண்டிய குறிகள் இரண்டு உண்டு. மேக்னட்டில் உள்ள ‘டி’ என்னும் குறி எஞ்சினில் உள்ள கோட்டிற்கு நேராக நிற்றல் வேண்டும். அதே வேளையில் கேம் பற்சக்கரத்தின் வட்டக் குறி தலைப்பகுதியில் உள்ள வெட்டிற்கு நேராக அமைதல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தினால் பிஸ்டனும் வால்வும் தத்தம் காலத்தில் இயங்கும். ஒரு பல் பிறழ்ந்தாலும் பொருத்தம் கெடும்.

எல்லாம் முடிந்த பின்னும் முதியவர் வண்டியை உதைத்துக் கிளப்பவில்லை. கிராங்கைக் கையாலேயே மெல்ல இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். எங்கேனும் தடை தோன்றினால், வால்வு பிஸ்டனைத் தொடுகின்றது என்று பொருள். அப்பொழுது நிறுத்தி, மீண்டும் குறிகளை நோக்க வேண்டும். வலிந்து சுற்றினால் வால்வு வளையும். தடை எதுவும் இல்லை. குறிகள் மீண்டும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. டென்ஷனர்த் தண்டின் குழிவில் எண்ணெய் இட்டு, உரிய சுருள்வில்லை வாஷர் ஏதுமின்றிப் பொருத்தி மூடினார். புதிய எண்ணெயை அளந்து ஊற்றினார். வண்டி கிளம்பியது, சலசலப்பு இல்லை. மீண்டும் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சிறுவன் கையிலும் அதனைக் கொடுத்தார். நலமான எஞ்சினின் ஓசையை அறிந்தவனே குறையின் ஓசையை அறிய முடியும் என்பது அவர் கருத்து.

வண்டியைப் பெற வந்த பால் வணிகரிடம், தேய்ந்த சங்கிலியையும் பற்சக்கரங்களையும் இரப்பர் உருளைகளையும் ஒரு தாளில் பொதிந்து கொடுத்தார். “வாங்குகின்ற பிள்ளையிடம் இவற்றையும் கொடு. எதை எடுத்தோம், எதை வைத்தோம் என்பதை அவன் அறிந்திருக்கட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பால் வணிகர் பொதியை அவிழ்த்து, நிகழ்ந்ததை ஒளிக்காமல் உரைத்தார். அந்த இளைஞன் வளைந்த பற்களை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒருமுறை பிரித்த எஞ்சினுக்கு முன்பு பேசிய விலை இயலாது என்று சிறிது குறைத்தே கேட்டான். பால் வணிகர் இசைந்தார். குறைந்த தொகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் பாலுக்கு முன்பணமாகப் பெற்று ஈடுசெய்தார். மகள் உரிய நாளில் கல்லூரியில் சேர்ந்தாள். முதியவரின் கூலியை அவர் அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தார்.

உண்மை உரைத்ததனால் அவருக்குப் பொருள் மிகுந்தது என்று கூறுவதற்கில்லை, குறையவே செய்தது. ஆயினும் அந்த இழப்பு இவ்வளவு என்று எண்ணிக் காணத்தக்கது. அடுத்த சில மாதங்களில் பால் அளந்து தீர்க்கத்தக்கது. மலைப்பாதையின் வளைவில் நேரக்கூடிய இழப்பையோ எவராலும் அளந்து தீர்க்க இயலாது.

எந்திரம் எழுப்பும் ஓசை நம்மை வருத்துவதற்காக எழுவதன்று. உள்ளே உள்ள குறையை உணர்த்துவதற்காக எழுவது. அதனை அடக்குவது எளிது. அதற்குச் செலவும் குறைவு. அதன் காரணத்தைத் தேடி நீக்குவதற்கோ காலமும் பொருளும் பொறுமையும் வேண்டும். இவ்விரு வழிகளின் முடிவிலும் எஞ்சின் ஓசையின்றியே ஓடும். வெளியே நின்று கேட்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றின் வேறுபாட்டை அறிந்தவர், எஞ்சினைத் திறந்து பார்த்தவர் ஒருவரே. அவர் வாய் திறவாது இருந்துவிட்டால், அடுத்து அதனை அறிய நேர்பவன் அவ்வண்டியில் அமர்ந்து மலையிலிருந்து இறங்குபவனே ஆவான்.